இரண்டு கித்தாருக்கு ஒரு பெட்டி

நம் ஜொகூர்த் தமிழர்களுக்குக் கித்தாவும் புதிதல்ல, கித்தாரும் புதிதல்ல. இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். விடியற்காலையில் கித்தா மரம் வெட்டிய அதே கைகள், மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து கித்தார் வாசித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. இன்று அந்த லயங்களில் பல இல்லை. கித்தா நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் தாமான் வீடுகள் வந்துவிட்டன. கித்தார் மட்டும் நம்மோடு மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வந்துவிட்டது.

வந்த கித்தார் தனியாகவும் வரவில்லை. அகூஸ்டிக் ஒன்று, எலெக்ட்ரிக் ஒன்று என்று இப்போது வீட்டுக்கு இரண்டாகி விட்டது. இரண்டுக்கும் ஆம்பிளிபயர் வேண்டும். ஆனால் இரண்டு ஆம்பிளிபயர் வாங்க எத்தனை குடும்பங்களுக்கு வசதி இருக்கிறது? ‘ஒரே பெட்டியை வைத்துச் சமாளிக்க முடியாதா?’ என்று கேட்டு அண்மையில் ஒரு தகப்பனும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

வந்தவர் கூலாய்ப் பக்கம் லாரி ஓட்டுகிறவர். பழைய தோட்டத்து உறவில் எனக்குத் தம்பி முறை. மகள் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை கோவில் பஜனையில் அகூஸ்டிக் கித்தார் வாசிப்பாள். அவள் தம்பி டிரம்ஸ் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் எலெக்ட்ரிக் கித்தாருக்கும் இப்போது அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு திருமண விருந்தில் முதல் நிகழ்ச்சி. கையில் 1,500 வெள்ளி இருந்தது. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

“அண்ணே, பையன் ஒரு பெட்டியைச் சொல்றான், இவ இன்னொண்ணைச் சொல்றா. தப்பா வாங்கிட்டா மறுபடியும் வாங்க என்னால முடியாது. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்” என்றார் தம்பி.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தவறான பெட்டியை வாங்கினால் பணம் மட்டுமா போகிறது? மேடையில் ஒரு முறை அவமானப்பட்ட பிள்ளை மறுபடியும் கித்தாரைத் தொடுமா என்பதும் அல்லவா அதில் அடங்கியிருக்கிறது! அந்த அனுபவம் எனக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு கித்தாரும் நம் காதில் கலந்த கதை

‘ஏதாவது ஒரு கித்தாரோடு நிறுத்திக்கொள்ளலாமே!’ என்று சிலர் கேட்கக்கூடும். நம் மண்ணில் அது முடியாத காரியம். மூவாரும் ஜொகூர் பாருவும் மலாய் கஸல் இசைக்குப் பேர்போன ஊர்கள். ஆர்மோனியம், தபலா, காம்புஸ், வயலின் ஆகியவற்றோடு அகூஸ்டிக் கித்தாரும் அந்த இசையில் சம உரிமையோடு உட்கார்ந்திருக்கும். ஆர்மோனியத்தையும் தபலாவையும் பார்க்கும்போது நமக்கு நம் வீட்டுப் பஜனைதான் நினைவுக்கு வரும்.

இன்னொரு பக்கம் ஆங்கிலேய ஷேடோஸ் குழுவினர். கிளிஃப் ரிச்சர்டோடு 1961-ல் அவர்கள் சிங்கப்பூருக்கு வந்து வாசித்த பிறகு, பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எலெக்ட்ரிக் கித்தார் மோகம் பற்றிக்கொண்டது. ‘பாப் யே யே’ என்று பெயர் பெற்ற மலாய்ப் பாடல்கள் அந்த மோகத்தில்தான் பிறந்தன. பினாங்கில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் தொடங்கிய ‘அலிகேட்ஸ்’ குழு, தமிழ்ப் பிள்ளைகளாலும் மலாய் இசை மேடையை ஆள முடியும் என்று நாட்டுக்கே காட்டியது.

திரையிசையைக் கேட்கவே வேண்டாம். 1976-ல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பு இளையராஜாவே மற்ற இசையமைப்பாளர்களிடம் கித்தார் வாசித்தவர்தான். 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் நிலவைப் பாடும் அந்தப் பாட்டை எந்தத் திருமண மேடையிலாவது கேட்காமல் விடுகிறார்களா? அதன் தொடக்கத்துக்கு அகூஸ்டிக் கித்தார்தான் வேண்டும். அடுத்த பாட்டே ஆட்டம் போடவைக்கும் பாட்டாக இருக்கும். அதற்கு எலெக்ட்ரிக் கித்தார் சீற வேண்டும். ஆகவே அந்தப் பெண்ணுக்கு இரண்டும் தேவைதான்.

ஒன்றுக்குக் கண்ணாடி, ஒன்றுக்குத் தொண்டை

சரி, கித்தார் இரண்டுக்கும் தந்தி ஆறுதானே, பெட்டி மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அகூஸ்டிக் கித்தாருக்குக் குரல் தன் வயிற்றிலேயே இருக்கிறது. மரப்பெட்டியும் அதற்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்து ஓசையை முழுமையாக்கி விடுகின்றன. ஆம்பிளிபயர் செய்யவேண்டியது அந்த ஓசையைக் கூட்டாமல் குறைக்காமல் பெரிதாக்கிக் காட்டுவது ஒன்றுதான். முகத்தை உள்ளபடி காட்டும் கண்ணாடி போல அது இருந்தால் போதும்.

எலெக்ட்ரிக் கித்தாருக்கு வயிறு இல்லை. திடமான மரக்கட்டையின் மேல் காந்தப் பிக்கப் பொருத்தியிருக்கும். அது தரும் மின்சாரம் வெறும் விதைதான். அந்த விதை குரலாக முளைப்பது ஆம்பிளிபயருக்குள்ளே. அதாவது, அங்கே ஆம்பிளிபயர் கண்ணாடி அல்ல, வாத்தியத்தின் தொண்டை! ஷேடோஸ் குழுவின் ஓசை என்று உலகம் கொண்டாடியதில் அவர்கள் வைத்திருந்த வாக்ஸ் ஏசி 30 பெட்டிக்கும் பாதிப் பங்கு உண்டு.

இன்னொரு முக்கியமான வேறுபாடு ஸ்பீக்கரில் இருக்கிறது. கித்தாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 82 தடவை அதிர்கிறது. மெல்லிய தந்திகளின் பளபளப்பும் நகம் படும் ஓசையும் 10,000 அதிர்வைத் தாண்டிப் போகும். எலெக்ட்ரிக் கித்தாருக்கென்று செய்த 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 அதிர்வோடு நின்றுவிடும். அது குறைபாடு அல்ல. சீறும் ஓசையில் உள்ள கரகரப்பை வடிகட்டத்தான் அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் அதே ஸ்பீக்கரில் அகூஸ்டிக் கித்தாரை வாசித்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும். அதனால்தான் அகூஸ்டிக் ஆம்பிளிபயர்களில் பெரிய ஸ்பீக்கரோடு டுவீட்டர் என்னும் சின்ன ஸ்பீக்கரும் வைக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். இல்லாத பளபளப்பை எந்தப் பெடலாலும் ஸ்பீக்கரிலிருந்து வரவழைக்க முடியாது. இருக்கும் பளபளப்பை வேண்டாதபோது மட்டுப்படுத்தப் பெடலால் முடியும். ஒரே பெட்டி வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஊளையிட்ட திருவிழா

என் கதையைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? 1983-ல் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் திருவிழா. என் அகூஸ்டிக் கித்தாரின் வயிற்றில் ஒட்டுப் பிக்கப் ஒன்றை ஒட்டி, ஒருவரிடம் இரவல் வாங்கிய எலெக்ட்ரிக் ஆம்பிளிபயரில் செருகினேன். ஒத்திகையில் மெதுவாக வாசித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மேடையில் தபேலாவும் டிரம்சும் சேர்ந்ததும் என் வாத்தியம் எனக்கே கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். பெட்டி ஊளையிட ஆரம்பித்தது. தந்தியைக் கையால் பொத்தினாலும் நிற்கவில்லை. பாடகர் பாட்டை நிறுத்திவிட்டார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் தகப்பனார் எழுந்து போய்விட்டார். அதன்பின் இரண்டு வருடம் நான் மேடை ஏறவில்லை.

நடந்தது என்ன என்பது பிறகுதான் புரிந்தது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஓசை கித்தாரின் வயிற்றுக் காற்றை மறுபடியும் அதிர வைக்கிறது. அதைப் பிக்கப் எடுத்துப் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டி அதை இன்னும் பெரிதாக்கித் திருப்பி அனுப்புகிறது. வட்டம் சுற்றச் சுற்ற ஊளை வளர்கிறது. சாதாரண அகூஸ்டிக் கித்தாரின் வயிறு ஏறக்குறைய 100 அதிர்வில்தான் அதிகம் முழங்கும். அந்த ஒரு இடத்தை மட்டும் அடக்கிவிட்டால் ஊளை பெரும்பாலும் நின்றுவிடும். அகூஸ்டிக் ஆம்பிளிபயர் பலவற்றில் இதற்கென்றே ‘நாட்ச்’ என்றோ ‘ஆன்ட்டி ஃபீட்பேக்’ என்றோ ஒரு திருகு இருக்கிறது. ‘ஃபேஸ்’ என்ற பொத்தானும் உதவும். இவை எதுவும் இல்லாவிட்டால் கித்தாரின் வாயை மூடும் ரப்பர் மூடி ஒன்று போதும். விலை சொற்பம். கித்தா மரம் வெட்டிப் பிழைத்த தோட்டத்தில், ஒரு துண்டு ரப்பர் இல்லாமல் மானம் போனதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

மூன்று வழிகள்

ஒரே பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அகூஸ்டிக் வசதியும் உள்ள எலெக்ட்ரிக் ஆம்பிளிபயர். பாஸ் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த ‘கட்டானா’ இந்த வகை. 50 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், ஐந்து வகைக் குரல். அவற்றில் ஒன்று அகூஸ்டிக் கித்தாருக்கென்றே வைத்தது. எலெக்ட்ரிக் கித்தாரே பிரதானம், அகூஸ்டிக் எப்போதாவதுதான் என்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் டுவீட்டர் இல்லை என்பதை மறக்கக்கூடாது. 1975-லிருந்து புகழ்பெற்ற ரோலண்ட் ஜேசி 120 பெட்டி, தெளிவான ஓசைக்கு எலெக்ட்ரிக் உலகில் ராஜா. அதிலும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள்தாம், டுவீட்டர் கிடையாது. வீட்டில் மட்டும் வாசிப்பவர்களுக்கு யமஹாவின் ‘டிஎச்ஆர்’ வகைச் சின்னப் பெட்டிகள் இரண்டு கித்தாருக்குமே இனிமையாக இருக்கும். கோவில் மண்டபத்துக்கு அவை போதா.

இரண்டாவது வழி, அகூஸ்டிக் ஆம்பிளிபயர் வாங்கி, எலெக்ட்ரிக் கித்தாருக்கு மட்டும் இடையில் பெடல் வைப்பது. ஃபிஷ்மேன் நிறுவனத்தின் ‘லவுட்பாக்ஸ் மினி’யை எடுத்துக்கொள்வோம். 60 வாட், 6.5 அங்குல ஸ்பீக்கர், ஓர் அங்குல டுவீட்டர். கித்தாருக்கு ஒரு வழி, மைக்குக்கு ஒரு வழி. கித்தாரை வாசித்துக்கொண்டே பாடுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். எலெக்ட்ரிக் கித்தாருக்கு வைக்கும் பெடல், ஆம்பிளிபயரின் குரலோடு ஸ்பீக்கரின் குணத்தையும் பாவனை செய்கிற வகையாக இருக்கவேண்டும். வெறும் ‘டிஸ்டார்ஷன்’ பெடலை நேராகச் செருகினால் டுவீட்டர் வழியாகக் குளவிக்கூடு கலைந்தது போலக் கேட்கும். பலர் செய்யும் தவறு இதுதான்.

மூன்றாவது வழி, தெருவோரக் கலைஞர்களுக்காகச் செய்த பெட்டிகள். ரோலண்டின் ‘கியூப் ஸ்ட்ரீட் ஈஎக்ஸ்’ அப்படிப்பட்டது. 50 வாட். எட்டு ஏஏ பேட்டரி போட்டால் மின்சாரமே தேவையில்லை. இரண்டு கித்தாருக்கும் குரல், மைக்குக்கும் இடம். தோட்டத்துக் கோவிலிலும் ஆற்றங்கரைப் பூசையிலும் வாசிப்பவர்களுக்கு ஏற்றது.

இந்த மூன்றும் கைக்கு எட்டாவிட்டால், பழைய கீபோர்ட் ஆம்பிளிபயர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கீபோர்டுக்குச் செய்த பெட்டி ஓசையை உள்ளபடி காட்டும். ஆனால் அகூஸ்டிக் கித்தாரில் பேட்டரி போடும் பிரிஆம்ப் இருக்கவேண்டும். பிரிஆம்ப் இல்லாத பீசோ பிக்கப்பைக் கீபோர்டு வழியில் நேராகச் செருகினால் அடித்தந்தியின் கனம் காணாமல் போய், தகரத்தில் தட்டியது போல ஆகிவிடும்.

கடையில் செய்யவேண்டியவை

எந்த வழியானாலும், கேள்விப்பட்டதை வைத்து வாங்காதீர்கள். உங்கள் கித்தார் இரண்டையும் உங்கள் ஒயரையும் கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் விலையுயர்ந்த கித்தாரில் எந்தப் பெட்டியும் இனிக்கத்தான் செய்யும்.

எல்லாத் திருகுகளையும் நடுவில் வைத்து, முதலில் அகூஸ்டிக் கித்தாரை வாசியுங்கள். எலெக்ட்ரிக் ஓசை எந்தப் பெட்டியிலும் ஓரளவு மயக்கிவிடும், அகூஸ்டிக் மயக்காது. ஆறு தந்தியையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள், பிறகு ஒவ்வொன்றாக. பிள்ளை வாசிக்கும்போது பெற்றோர் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் கேட்பது வேறு, கூட்டத்தில் கேட்பது வேறு. மேடையில் வைக்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி, ஊளை வருகிறதா, வந்தால் அடக்க முடிகிறதா என்றும் சோதியுங்கள். நான் 1983-ல் செய்யத் தவறியது அதைத்தான்.

வாட் கணக்கைக் கண்டு மயங்கவேண்டாம். 50 வாட் 100 வாட் ஆனால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். சின்ன மண்டபத்துக்கு 50, 60 வாட் போதும். பெரிய மண்டபத்தில் எப்படியும் தனி ஒலிபெருக்கி இருக்கும். அதற்கு ஒயர் கொடுக்க ‘டிஐ அவுட்’ அல்லது ‘லைன் அவுட்’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு வார்த்தை

பழைய சாமான் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சிங்கப்பூரிலும் அதேதான், பிளக்கும் அதே மூன்று கால். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். அந்த நாடுகளுக்கென்று செய்த பெட்டியை இங்கே நேராகச் செருகினால் புகைந்துவிடும். பின்புறம் எழுதியிருப்பதைப் படித்த பிறகே காசைக் கொடுங்கள்.

இன்னொன்று, எர்த் கம்பி. இரைச்சல் கேட்கிறது என்று பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. கித்தார்த் தந்தியில் கை, மைக்கில் உதடு. இரண்டுக்கும் நடுவே கோளாறான மின்சாரம் பாய்ந்தால் விளைவு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மழை பெய்த திடலில், ஜெனரேட்டர் போட்ட மேடையில் இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். வால்வு ஆம்பிளிபயரைப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் திறக்கக் கூடாது, உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்தப் பெண் எதை வாங்கினாள்?

விடுமுறை நாள் ஒன்றில் நாங்கள் மூவரும் ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குப் போனோம். போகும் வழியில் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “உன் வாசிப்பை ஊர் கேட்பது எந்தக் கித்தாரில் அதிகம்?”

“பஜனை வாரா வாரம் இருக்கு பெரியப்பா. கல்யாணம் மாசத்துக்கு ஒண்ணு வந்தாலே பெரிசு” என்றாள். விடை அதிலேயே இருந்தது.

கடையில் மூன்று வகையையும் வாசித்துப் பார்த்தாள். தம்பி வாசற்படியருகே நின்று கேட்டார். அவருக்கு வாட்டும் தெரியாது, டுவீட்டரும் தெரியாது. அகூஸ்டிக் ஆம்பிளிபயரில் அவள் வாசித்தபோது மட்டும் உள்ளே வந்து, “இதுலதாம்மா வீட்டுல நீ வாசிக்கிற மாதிரியே கேக்குது” என்றார். இரண்டாவது வழியைத்தான் எடுத்தோம். அவள் தம்பியின் இசைக்குழுவில் பழைய பெடல் ஒன்று சும்மா கிடந்தது, ஸ்பீக்கர் பாவனை உள்ள வகை. எலெக்ட்ரிக் கித்தாருக்கு அது போதுமானதாக இருந்தது. மிச்சமான பணத்தில் நல்ல ஒயர் ஒன்றும் ரப்பர் மூடி ஒன்றும் வாங்கிக்கொண்டாள்.

திருமண விருந்துக்கு நானும் போயிருந்தேன். நிலாப் பாட்டுக்கு முதல் தந்தி விழுந்தபோது மண்டபத்தில் தட்டு ஓசை அடங்கியது. அடுத்த பாட்டுக்கு அவள் கித்தாரை மாற்றி, காலால் பெடலை மிதித்தாள். அதே பெட்டி சீறியது. எலெக்ட்ரிக் பெட்டி வேண்டும் என்று அடம் பிடித்த தம்பி, டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து பல்லைக் காட்டினான்.

முன்வரிசையில் அவள் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.